பந்தயத்தில் வென்ற டீசல், ஷோரூமில் தோற்ற கதை

(கோவையில் இயந்திரவியல் மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு, சொகுசு ஸ்போர்ட்ஸ் காருக்கு டீசலா பெட்ரோலா என்பது. இதைச் சொன்னதும் என் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, டீசல் வாங்கறவன் மைலேஜ் பாக்கறவன். ரெண்டு கோடிக்கு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கறவன் மைலேஜ் கேட்டா, அவன் அதை வாங்கவே கூடாது. இதுல பேசறதுக்கு என்னங்க இருக்குது?" என்றார். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்த ஒரு மணி நேரம்.

முதலில் என் சார்பைச் சொல்லிவிடுகிறேன். நான் டீசல் பக்கத்து ஆள். பம்ப்பையும் நாசிலையும் டெஸ்ட் பெஞ்சில் மாட்டி அளவு வைத்துத் தரும் பட்டறையில் தொழில் பழகியவன். எத்தனை சோப்புப் போட்டாலும் சட்டைக் காலரில் டீசல் வாடை இருக்கும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மூக்கைச் சுருக்குவார். அந்த வாடை ஒரு நாள் உலகத்தின் பெரிய கார்ப் பந்தயம் ஒன்றில் முதலாவதாக வந்து நின்றது என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிரான்சில் லெ மான் என்று ஓர் ஊர். 1923 முதல் அங்கே 24 மணி நேரப் பந்தயம் நடக்கிறது. ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி, மற்ற நாட்களில் லாரியும் காய்கறி வண்டியும் போகும் பொதுச்சாலை. ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள், முறை மாற்றி ஓட்டுவார்கள். பகல், இரவு, மழை, பனி எல்லாம் கடந்து, 24 மணி நேரத்தில் யார் அதிக தூரம் போனார்களோ அவர்கள் வென்றவர்கள். இந்தப் பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. எரிபொருள் நிரப்ப எத்தனை முறை உள்ளே வருகிறாய் என்பதும் கணக்கில் சேரும். டீசலுக்குக் கதவு திறந்தது அந்த இடத்தில்தான்.

2006 ஜூன் 17 அன்று அந்தப் பந்தயத்தில் ஆடி நிறுவனம் இரண்டு கார்களை இறக்கியது. பெயர் ஆர்-10 டிடிஐ. ஐந்தரை லிட்டர் வி-12 டீசல் எஞ்சின், இரண்டு டர்போ, 650 குதிரைத்திறனுக்கு மேல், 1,100 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை. பார்க்க வந்தவர்களுக்கு முதல் அதிர்ச்சி காதில்தான். மற்ற கார்கள் காதைக் கிழித்துக்கொண்டு போக, இது விஸ்ஸென்று காற்றைக் கிழிக்கும் ஓசையோடு போனது. டர்போவும் துகள் வடிகட்டியும் சேர்ந்து எஞ்சினின் குரலை விழுங்கிவிட்டன. பிராங்க் பீலா, இமானுவேலே பிர்ரோ, மார்கோ வெர்னர் மூவரும் 380 சுற்று ஓட்டி வென்றார்கள். லெ மானில் டீசல் பெற்ற முதல் வெற்றி அது. இன்னொரு ஆடி மூன்றாவதாக வந்தது. அது பின்தங்கியதற்கு ஒரு காரணம் இன்ஜெக்டர் கோளாறு. நடுப் பந்தயத்தில் உள்ளே வந்து இன்ஜெக்டர் மாற்றினார்கள். செய்தியைப் படித்தபோது, "எங்ககிட்ட அனுப்பியிருக்கலாமே" என்று பட்டறையில் சிரித்துக்கொண்டோம்.

டீசல் பந்தயத்துக்கு வந்தது அதுவே முதல் முறை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் கம்மின்ஸ் நிறுவனத்தின் டீசல் கார் 1931லேயே ஓடியது. நம் லாரிக்கும் ஜெனரேட்டருக்கும் எஞ்சின் செய்யும் அதே கம்மின்ஸ்தான். அந்தக் கார் 500 மைலையும் எரிபொருளுக்காக ஒரு முறைகூட நிற்காமல் ஓடி முடித்தது. ஜெயிக்கவில்லை, பதின்மூன்றாவது. ஆனால் நிற்காமல் ஓடியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1952இல் அதே கம்மின்ஸ் டர்போ பொருத்திய 6.6 லிட்டர் டீசல் காரோடு மறுபடி வந்தது. பிரெட் அகபாஷியன் என்பவர் அதை ஓட்டி, தகுதிச் சுற்றில் பெட்ரோல் கார்கள் அத்தனையையும் முந்தி, தொடக்க வரிசையில் முதல் இடத்தைப் பிடித்தார். பந்தய நாளில் நடந்ததைக் கேளுங்கள். டர்போவுக்குக் காற்று இழுக்கும் வாயைக் காரின் மூக்கில், தரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். முன்னால் போன கார்களின் டயர்த் துகள் பாதையெல்லாம் கிடந்தது. அதையெல்லாம் இந்த வாய் உறிஞ்சி அடைத்துக்கொண்டது. எழுபது சுற்று தாண்டியதும் புகை கக்கிக்கொண்டு கார் வெளியேறியது. அவ்வளவு பெரிய எஞ்சினை ஒரு பிடி ரப்பர்த் தூள் நிறுத்திவிட்டது! ஏர் பில்டர் மாற்றச் சொன்னால் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்கிற வாடிக்கையாளர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

நடுவில் மெர்சிடிஸ் பென்ஸ் 1970களில் சி-111 என்ற சோதனைக் காரில் டீசலை வைத்து, இத்தாலியின் நார்தோ வட்டப் பாதையில் வேக சாதனைகள் படைத்தது. 1998இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை பிஎம்டபிள்யூ 320டி வென்றது. சாதாரணக் குடும்பக் காரின் டீசல் எஞ்சின்தான் அதற்கு அடிப்படை. பெரிய எஞ்சின்கள் எரிபொருளுக்காக உள்ளே வரும்போதெல்லாம் இது வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு லிட்டர் டீசலில், ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிக ஆற்றல் இருக்கிறது. அதற்கு மேல், டீசல் எஞ்சின் அந்த ஆற்றலை வீணாக்குவதும் குறைவு. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் தன் எஞ்சினைச் சோதித்துக் காட்டியபோதே எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி எஞ்சின்கள் அதில் பாதியைக்கூடத் தொடத் திணறின. ஆக, டேங்க் ஒரே அளவு என்றால் டீசல் கார் அதிக தூரம் போகும். லெ மான் விதி வகுப்பவர்களுக்கும் இது தெரியும். இரு தரப்புக்கும் 90 லிட்டராக இருந்த டேங்க், 2007இல் டீசலுக்கு மட்டும் 81 லிட்டர் ஆனது. அந்த ஆண்டும் டீசலே வென்றது. 2008லும் ஆடி. 2009இல் பிரான்சின் பெஜோ நிறுவனம் தன் டீசல் காரோடு வென்றது. 2010இல் ஆடி 397 சுற்று, 5,410 கிலோமீட்டர் ஓடி, 1971இல் போர்ஷே 917 வைத்த தூர சாதனையை உடைத்தது. முப்பத்தொன்பது ஆண்டு பெட்ரோல் கையில் இருந்த சாதனை. அதுவும் நேர்ச்சாலையில் வேகத்தடுப்பு வளைவுகள் சேர்த்த பிறகு. 2014 வரை இப்படியே, ஒன்பது ஆண்டு தொடர்ந்து டீசல். கடைசி மூன்று ஆண்டு டீசலோடு மின் மோட்டாரும் துணைக்கு இருந்தது.

இதற்குள் நம் ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார். நம்ம கோவை நரேன் கார்த்திகேயன், 2009இல் ஒரு தனியார் அணிக்காக இதே ஆர்-10 டீசல் காரை லெ மானில் ஓட்டப் போயிருந்தார். பந்தயம் தொடங்கும் முன்பு பிட் சுவரைத் தாண்டிக் குதித்தபோது தோள்பட்டை விலகிவிட்டது. ஓட்ட முடியவில்லை. மூவர் ஓட்ட வேண்டிய காரை மற்ற இருவர் மட்டும் 24 மணி நேரமும் ஓட்டி ஏழாவதாகக் கொண்டுவந்தார்கள். 1,100 நியூட்டன் மீட்டர் எஞ்சினுக்குப் பக்கத்தில் போய், ஒரு குட்டைச் சுவரால் திரும்ப வேண்டியிருந்தது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரி, ஒன்பது ஆண்டு வென்றாயிற்று. பந்தயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை கடையில் விற்கும் என்பது கார்க்காரர்களின் பழைய நம்பிக்கை. ஐரோப்பாவில் அப்போது விற்ற புதுக் கார்களில் ஏறக்குறையப் பாதி டீசல்தான். அப்படியானால் டீசல் ஃபெராரி, டீசல் போர்ஷே 911, டீசல் லம்போர்கினி எல்லாம் வரிசையில் வந்திருக்க வேண்டுமே? ஒன்றுகூட வரவில்லை.

ஒன்று வரப் பார்த்தது. 2008 ஜனவரியில் டெட்ராய்ட் கார்க் கண்காட்சியில் ஆடி தன் ஆர்-8 ஸ்போர்ட்ஸ் காருக்குள் ஆறு லிட்டர் வி-12 டீசலைத் திணித்துக் காட்டியது. 500 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர். எஞ்சினுக்குக் காற்று போதாதென்று கண்ணாடிக் கூரையிலேயே ஒரு காற்றுவாய் வெட்டியிருந்தார்கள். 100 கிலோமீட்டர் வேகத்தை 4.2 நொடியில் தொடும் என்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. மறு ஆண்டே திட்டத்தைக் கைவிட்டார்கள். அதே எஞ்சின் க்யூ-7 என்ற பெரிய வண்டியில் விற்பனைக்கு வந்தது. ஆர்-8 வாங்க வந்தவருக்கு ஆடி கொடுத்தது 5.2 லிட்டர் வி-10 பெட்ரோல். 525 குதிரைத்திறன், முறுக்குவிசை வெறும் 530. ஆனால் அது 3.9 நொடியில் 100ஐத் தொட்டது.

இங்கே கொஞ்சம் நிற்போம். உங்கள் தேர்வில் வராவிட்டாலும் வாழ்க்கையில் வரும் கேள்வி இது. 1,000 நியூட்டன் மீட்டர் வைத்திருப்பவனை 530 வைத்திருப்பவன் எப்படி முந்துகிறான்?

நம் ஊரில் டார்க் என்பதை "பிக்கப்" என்போம், "இழுவை" என்போம். இழுவை எஞ்சினில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, சக்கரத்தில் எவ்வளவு என்று பார்க்க மறந்துவிடுவோம். நடுவில் கியர் இருக்கிறது. வி-10 பெட்ரோல் 8,000 சுற்றில் 525 குதிரைத்திறன் தருகிறது. கணக்குப் போட்டால் அந்த நேரத்தில் அதன் முறுக்குவிசை சுமார் 460. டீசல் தன் 500 குதிரைத்திறனை 4,000 சுற்றில் தருவதாக வைத்துக்கொள்வோம். அப்போது அதன் முறுக்குவிசை சுமார் 880. 1,000 என்ற அந்தப் பெரிய எண் கீழ்ச் சுற்றுகளில் மட்டும்தான். இரண்டு காரும் ஒரே வேகத்தில் போகின்றன என்றால் சக்கரங்கள் ஒரே வேகத்தில்தான் சுழலும். அப்படியானால் 8,000 சுற்று எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் கியர், 4,000 சுற்று எஞ்சினின் கியரைவிட இரண்டு மடங்கு குறைத்துக் கொடுக்க வேண்டும். வேகத்தை இரண்டாக வகுத்தால் இழுவை இரண்டால் பெருகும். 460 இரண்டு மடங்கானால் 920. எதிரே 880. சக்கரத்தில் ஜெயித்தது பெட்ரோல்! மேலும் 1,000 நியூட்டன் மீட்டரைத் தாங்கும் கியர்பாக்ஸ் பெரிதாக வேண்டும், கிளச் பெரிதாக வேண்டும். எல்லாம் எடை.

பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா பார்த்தவர்களுக்கு இது இன்னும் சுலபமாகப் புரியும். பாரவண்டி மாட்டுக்குப் பலம் குறைவு என்று யாராவது சொல்வார்களா? மேட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டு போக அதைவிட்டால் ஆள் இல்லை. ஆனால் ரேக்ளாவுக்குச் சின்னக் காளையைத்தான் பூட்டுவார்கள். குளம்பு எத்தனை வேகமாக விழுகிறது என்பதுதான் அங்கே பேச்சு.

அப்படியானால் டீசலையும் 8,000 சுற்று சுற்றவிடலாமே என்று கேட்கலாம். மேசைமேல் இரண்டு பொருள் வைத்திருக்கிறேன். இது ஸ்பார்க் பிளக், இது டீசல் நாசில். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் முன்னாலேயே கலந்து காத்திருக்கும். இந்தப் பிளக் ஒரு பொறி போட்டால் போதும், நெருப்பு தானே பரவும். எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற உள்ளே காற்றின் சுழலும் கூடுவதால், நெருப்பும் ஈடுகொடுத்து வேகமாகப் பரவும். டீசலில் வெறும் காற்றை மட்டும் பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழே அழுத்திச் சூடேற்றுகிறோம். 500 டிகிரிக்கு மேல் போகிறது. பிஸ்டன் மேலே வந்த பிறகுதான் இந்த நாசில் டீசலைப் பீய்ச்சும். ஒவ்வொரு துளியும் ஆவியாக வேண்டும், தனக்கான காற்றைத் தேட வேண்டும், கலக்க வேண்டும், அப்புறம்தான் எரியும். பந்தி தொடங்கிய பிறகு அரிசி களைகிற சமையல் இது. 4,500 சுற்றில் பிஸ்டன் ஒரு முறை கீழே இறங்க ஆறரை மில்லி நொடி கிடைக்கிறது, சமாளித்துவிடலாம். 9,000 சுற்றில் மூன்றே கால்தான். பாதி டீசல் எரியாமல் புகையாக வெளியே போகும். போதாததற்கு, அந்த அழுத்தத்தைத் தாங்க பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் எல்லாம் தடியாக இருக்க வேண்டும். தடியானதை வேகமாகச் சுழற்ற முடியாது. இது எஞ்சினீயரின் சோம்பலால் வந்த குறை கிடையாது, எரிவதன் இயல்பு.

அந்த 4,500 சுற்று எல்லைக்குள் காசு கொடுத்து வாங்குகிறவர் எதிர்பார்க்கும் விஷயம் ஒன்று அகப்படுவதில்லை. அது கணக்கில் வராது, காதில் வரும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் இரண்டாவது கியரில் மிதித்து, 3,000, 5,000, 7,000, 8,500 என்று குரல் ஏறுவதைக் கேட்கத்தான் வாங்குகிறார். நாதஸ்வரக்காரர் மேல்ஸ்தாயிக்குப் போகும்போது நாம் நிமிர்ந்து உட்காருவதில்லையா, அதே ஆசை. டீசல் மத்தியமத்திலேயே நின்று "போதும், கியரை மாற்று" என்கிறது. இத்தாலியின் மசராட்டி 2013இல் கிப்ளி என்ற காரில் தன் வரலாற்றின் முதல் டீசலைக் கொண்டுவந்தது. 3 லிட்டர் வி-6, 275 குதிரைத்திறன். மசராட்டி என்றால் சத்தம், சத்தம் என்றால் மசராட்டி என்று வளர்ந்த நிறுவனம். என்ன செய்தார்கள் தெரியுமா? சைலன்சர்க் குழாயின் பக்கத்தில் ஒலி எழுப்பும் கருவிகளைப் பொருத்தி, டீசலின் குரலைக் கொஞ்சம் கம்பீரமாக்கினார்கள். பாட்டுக்காரர் வாயசைக்க, பின்னால் ஒருவர் பாடுவது போல. எனக்கு அது பிடிக்கவில்லை. டீசல் டீசலாகவே இருந்திருக்கலாம். லாரி ஸ்டாண்டில் காலையில் கேட்கும் அந்த டகடக ஓசைக்கு ஒரு மரியாதை உண்டு.

டீசல் தன் இயல்போடு இருந்து ஜெயித்த சொகுசுக் கார் என்று கேட்டால் நான் ஒன்றைத்தான் சொல்வேன். 2016இல் வந்த போர்ஷே பனமேரா 4எஸ் டீசல். நாலு லிட்டர் வி-8, 422 குதிரைத்திறன், 850 நியூட்டன் மீட்டர். அந்த 850ம் 1,000 சுற்றிலேயே வந்துவிடும். உச்ச வேகம் மணிக்கு 285 கிலோமீட்டர். அன்றைக்கு விற்பனையில் இருந்த டீசல் கார்களில் அதிவேகமானது அதுதான். ஜெர்மானிய ஆட்டோபானில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, ஒரே டேங்க்கில் ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு போவதற்கென்றே செய்தது. அங்கே எஞ்சின் கத்த வேண்டியதில்லை, மிதித்தால் முதுகைப் பிடித்துத் தள்ளினால் போதும். அதே வேலையை உயரமான வண்டியில் செய்ய பென்ட்லியும் அதே ஆண்டு பென்டெய்கா டீசலை அறிவித்தது, 900 நியூட்டன் மீட்டரோடு. பென்ட்லி டீசல் என்று கேட்டால் பழைய இங்கிலாந்துப் பிரபுக்கள் கல்லறையில் புரண்டு படுத்திருப்பார்கள்.

போர்ஷே, லம்போர்கினி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. டீசல் தங்களுக்குத் தீட்டு என்பதுபோல் இன்று முகம் சுளிக்கும் ரசிகர்கள், இந்த நிறுவனங்களின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். 1956 முதல் 1963 வரை ஜெர்மனியின் வயல்களில் போர்ஷே டீசல் என்ற பெயர் தாங்கிய சிவப்பு டிராக்டர்கள் உழுதன. ஃபெருச்சியோ லம்போர்கினி 1948இல் தொடங்கியதே டிராக்டர் கம்பெனிதான், கார் வந்தது 1963இல். சேற்றில் இருந்து எழுந்தவர்கள்.

இப்போது கசப்பான பகுதி. சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு இதில் நீண்ட நேரம் நிற்கப் பிடிக்காது.

டீசலில் காற்று எப்போதும் தேவைக்கு மேல் இருக்கும், சூடும் அதிகம். அந்தச் சூட்டில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகும். நுரையீரலுக்கு ஆகாது. பெட்ரோல் காரில் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் எரிவதால், மூன்று வேலையை ஒன்றாகச் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அதைச் சுத்தம் செய்துவிடும். மிகை ஆக்சிஜன் இருக்கும் டீசல் புகையில் அந்தக் கருவி அந்த வேலையைச் செய்யாது. அதற்கு யூரியாக் கரைசலைப் புகையில் தெளிக்க வேண்டும். ஆமாம், நாம் வயலுக்கு மேலுரமாகப் போடும் யூரியாதான், சுத்தமாக்கித் தண்ணீரில் கரைத்தது. அதற்கொரு டேங்க், பம்ப், ஹீட்டர். கரித்துகளுக்குத் தனி வடிகட்டி. லாரியில் இடம் இருக்கிறது, வைக்கலாம். இரண்டு பேர் உட்காரவே குனிந்து நுழைய வேண்டிய ஸ்போர்ட்ஸ் காரில் எங்கே வைப்பது?

இதில் ஒரு நிறுவனம் குறுக்கு வழி எடுத்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு ஃபோக்ஸ்வாகன் மேல் குற்றச்சாட்டை வெளியிட்டது. சோதனைக்கூடத்தில் கார் ஓடும்போது அதைக் கண்டுபிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருள். சாலைக்கு வந்ததும் அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு நச்சு. உலகம் முழுக்கச் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். நவம்பரில் குற்றச்சாட்டு மூன்று லிட்டர் எஞ்சின்களுக்கும் நீண்டது. அதில் அதே குழுமத்தின் ஆடி இருந்தது, போர்ஷே கேயென் இருந்தது. லெ மானில் எட்டு முறை டீசலில் வென்ற ஆடியேதான். இன்ஸ்பெக்டர் வரும்போது மட்டும் சரியாக நிற்கும் தராசு வைத்திருக்கும் கடையில் நாம் மறுபடி சாமான் வாங்குவோமா? 2016 முடிவில் ஆடி லெ மானை விட்டு விலகியது. 2018 செப்டம்பரில் போர்ஷே, இனி டீசல் கார் கிடையாது என்று அறிவித்தது. பென்டெய்கா டீசலும் ஐரோப்பாவில் அதே ஆண்டு போனது.

மோசடி மட்டும்தான் டீசலைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். 2017இல் போர்ஷே உலகம் முழுக்க விற்ற கார்களில் டீசல் 12 சதவீதம்தான். அவர்களுடைய பெரிய சந்தைகளான அமெரிக்காவிலும் சீனாவிலும் சொகுசுக் காருக்கு டீசல் கேட்பவர் குறைவு. ஐரோப்பாவில் பனமேரா வாங்கியவர்களோ மின் மோட்டார் சேர்ந்த பெட்ரோலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 1,000 சுற்றில் இழுவை தருகிறேன் என்று டீசல் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது, பூஜ்ஜியம் சுற்றிலேயே தருகிறேன் என்று மோட்டார் வந்து நின்றது. லெ மானிலும் 2015இல் டீசலின் வரிசையை உடைத்தது, இரண்டு லிட்டர் பெட்ரோலும் மோட்டாரும் சேர்ந்த போர்ஷே 919தான்.

நம் நாட்டில் கதை வேறு. உழவனின் பம்ப்செட்டுக்கும் அரிசி ஏற்றும் லாரிக்கும் என்று அரசு பல காலம் டீசல் விலையைக் குறைத்து வைத்திருந்தது. 2014 அக்டோபர் வரை அது நீடித்தது. அந்தச் சலுகை டீசலை ஐம்பது லட்சம், எண்பது லட்சம் ரூபாய்க் காரிலும் ஊற்றிக்கொண்டு போனார்கள். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன் மைலேஜ் பார்க்க மாட்டான் என்று என் நண்பர் சொன்னார் அல்லவா? பங்க்கில் நின்று பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 2,000 சிசிக்கு மேற்பட்ட டீசல் கார்களை டில்லி வட்டாரத்தில் பதிவு செய்யக் கூடாதென்று தடுத்தது. 2016 ஆகஸ்டில் ஒரு சதவீதப் பசுமை வரி கட்டச் சொல்லித் தளர்த்தியது. அந்த எட்டு மாதத்தில் பல சொகுசு நிறுவனங்கள் இந்தியாவில் பெட்ரோல் மாடல்களைத் தேடி ஓடின.

இதுவரை சொன்னதைக் கேட்டால் டீசல் தோற்று, வீட்டுக்குப் போய்விட்டது என்று தோன்றும். என் கட்சி அது இல்லை. இன்று ஷோரூமில் நிற்கும் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். எனக்கு அதில் பாதி டீசல் தெரிகிறது.

போர்ஷே 911 கரேரா 2015 வரை டர்போ இல்லாத 3.4 லிட்டர். உச்ச முறுக்குவிசை 390, அதுவும் 5,600 சுற்றில். அதன் பிறகு மூன்று லிட்டர், இரண்டு டர்போ. 450 நியூட்டன் மீட்டர், 1,700 சுற்றிலேயே வந்து 5,000 வரை அப்படியே நிற்கிறது. வரைபடத்தில் பேரை மறைத்துக் காட்டினால் பழைய ஆள் டீசல் என்றுதான் சொல்வார். டர்போவின் இதழ்களைத் திருப்பிக் காற்றுவழியைச் சுருக்கி விரிக்கும் உத்தி பல ஆண்டாக டீசல் கார்களில் சாதாரணம், ஏனென்றால் டீசல் புகை கொஞ்சம் குளிர்ந்தது. பெட்ரோல் புகை 1,000 டிகிரி வரை போகும், இதழ் வளைந்துவிடும். அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகம் கண்டுபிடித்து 2006இல் 911 டர்போவில் வைத்தார்கள். டீசல் லெ மானை வென்ற அதே ஆண்டு!

ஃபெராரி கதை இன்னும் வேடிக்கை. டர்போ இல்லாத 458 போய் 2015இல் டர்போவோடு 488 வந்தது. 760 நியூட்டன் மீட்டர், 3,000 சுற்றில். அவ்வளவையும் கீழ்க் கியரில் கொடுத்தால் வாங்குகிறவருக்குப் பழைய சுகம் கிடைக்காதே என்று, கம்ப்யூட்டர் கீழ்க் கியர்களில் இழுவையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முழு 760ம் ஏழாவது கியரில்தான். சுற்று ஏற ஏற இழுவை கூடுவது போல ஒரு நாடகம். டீசலின் குணம் வந்துவிட்டது, அது வெளியே தெரியக் கூடாது.

பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை வந்ததும், டீசலைப் போலவே கரித்துகளும் வந்தது. இப்போது ஐரோப்பாவில் விற்கும் 911லும் துகள் வடிகட்டி இருக்கிறது. "முன்பு போல் சத்தம் இல்லையே" என்று அதன் ரசிகர்கள் புலம்புகிறார்கள். 2006இல் லெ மான் வேலியோரம் நின்றவர்கள் சொன்ன அதே குறை. ஜப்பானின் மஸ்டா 2012 வாக்கில் பெட்ரோல் எஞ்சினின் அழுத்த விகிதத்தை 14க்கு ஏற்றியது, டீசலின் அழுத்த விகிதத்தை 14க்கு இறக்கியது. இரண்டும் ஒரே எண்ணில் வந்து நின்றன. அது ஸ்போர்ட்ஸ் கார்க் கதை இல்லை, ஆனால் எனக்குப் பிடித்த எண் என்பதால் சொல்லிவைத்தேன்.

டீ வந்துவிட்டது என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். போகும் வழியில் இந்த மேசைக்கு வாருங்கள். நாசிலுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். டர்போ பெட்ரோல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய இன்ஜெக்டர். நுனியைத் துடைத்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள், துளைகள் தெரியும். எத்தனை என்று எண்ணிவிட்டு, பக்கத்தில் இருக்கும் டீசல் நாசிலையும் எண்ணுங்கள். பார்த்து எடுங்கள் தம்பி, அது கீழே விழுந்தால் என் பட்டறைக்காரர் என்னை உள்ளே விடமாட்டார்.